வீட்டிலேயே வளைகாப்பு, அறுபது பேர்: வளையல் அளவு, கலவை சாதம், உட்கார வைக்கும் முறை பற்றி யோசனை சொல்லுங்கள்

நாத்தனார்_தஞ்சை:

தோழிகளே, அண்ணிக்கு ஏழாம் மாத வளைகாப்பு சித்திரைக் கடைசி ஞாயிறு அன்று. மண்டபம் வேண்டாம், தஞ்சாவூரில் எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாகிவிட்டது. மொத்தம் 60 பேர், அதில் பெண்கள் 40. டாக்டர் கணக்கில் அன்று 27 வாரம் இருக்கும். அண்ணிக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருப்பதால் சாப்பாட்டுக் கட்டுப்பாட்டில் இருக்கிறார்.

வளையல் எந்த அளவில், எத்தனை டஜன் வாங்குவது? அண்ணி வழக்கமாகப் போடுவது 2.4. சமையலும் வீட்டில்தான், ஐந்து வகை சாதம். அரிசிக் கணக்கும், கத்திரி வெயிலில் கெடாமல் இருக்க வழியும் வேண்டும். தரையில் மணை போட்டுத்தான் உட்கார வேண்டும் என்கிறார் பாட்டி. அது சரியா?

இன்னொன்று. பெரியப்பா இறந்து நான்கு வருடம் ஆகிறது. பெரியம்மா வளையல் போடலாமா கூடாதா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. அண்ணிக்குப் பெரியம்மா கையால் போட்டுக்கொள்ள ஆசை. எப்படிப் பேசிச் சரிசெய்வது?

---

கண்ணாடி_வளையல்:

முதலில் அளவு. 2.4 என்பது உள்விட்டம் இரண்டு அங்குலமும் பதினாறில் நான்கு பங்கும், ஏறக்குறைய 57 மில்லிமீட்டர். 2.6 என்றால் 60, 2.8 என்றால் 63.5. ஒரு அளவுக்கும் அடுத்ததற்கும் 3 மில்லிமீட்டர்தான் வித்தியாசம், ஆனால் வீங்கிய கையில் அந்த மூன்றுதான் எல்லாம். ஏழாம் மாதத்தில் மணிக்கட்டு அப்படியே இருந்தாலும் கட்டைவிரல் அடிமுட்டி பருத்திருக்கும். அண்ணிக்கு 2.6, 2.8 இரண்டிலும் ஒவ்வொன்று வாங்கி, காலை எழுந்ததும் ஒரு முறை, மாலையில் ஒரு முறை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சிலருக்குக் காலையில்தான் விரல்கள் அதிகம் வீங்கியிருக்கும், உங்கள் விழாவும் காலையில்தான். இரண்டு வேளையும் வலிக்காமல் ஏறும் அளவை எடுங்கள்.

எத்தனை என்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். நாற்பது பெண்களும் கைக்கு ஒன்று போட்டால் ஒரு கைக்கு நாற்பது வளையல். அவ்வளவு ஏறாது. சாதாரண கண்ணாடி வளையல் மூன்று நான்கு மில்லிமீட்டர் தடிமன். இருபது போட்டாலே ஏழெட்டு சென்டிமீட்டர் நிரம்பிவிடும், அதற்கு மேல் முன்கை பருமன் வளையலைவிடப் பெரிது. அதனால் நெருங்கிய உறவில் பத்துப் பன்னிரண்டு பேர் மட்டும் வளையல் போடட்டும், மற்றவர்கள் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, பூ தூவி வாழ்த்தட்டும். கைக்குப் பத்தொன்பதோ இருபத்தொன்றோ, உங்கள் வீட்டு ஒற்றைப்படைக் கணக்குக்குப் பொருத்தமாக நிறுத்திக்கொள்ளுங்கள். அண்ணிக்கு மட்டும் 5 டஜன் வாங்குங்கள். உடைவதற்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வாங்கும்போது ஒவ்வொன்றின் ஒட்டையும் பாருங்கள். ஃபிரோசாபாத்திலிருந்து வரும் கண்ணாடி வளையல்கள் சுருளாக இழுத்து, வெட்டி, இரு முனையையும் நெருப்பில் ஒட்டியவை. அந்த ஒட்டு சரியில்லாவிட்டால் உள்பக்கம் நகம்போலக் குத்தும், அழுத்தினால் முதலில் அங்கேதான் விரியும். கடையிலேயே உள்விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்துக் கழித்துவிடுங்கள். ஜிகினா ஒட்டிய வளையல்கள் இந்த வெயிலில் வியர்வை பட்டால் தோலை அரிக்கும். சிவப்பும் பச்சையும் சாதா வளையலே போதும்.

போடும் விதம்: கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, நான்கு விரல்களையும் குவித்து, கையில் மெல்லிய பிளாஸ்டிக் உறையை மாட்டி அதன்மேல் வளையலைச் சாய்வாக ஏற்ற வேண்டும். முட்டியைத் தாண்டியதும் உறையை உருவிவிடலாம். நேராகத் தள்ளினால் உடையும். மடியில் தடித்த துண்டு ஒன்று விரித்து வையுங்கள், சில்லு புடவைக்குள் போகாமல் இருக்கும். ஒரு வளையல் உடைந்தால் கூட்டத்தில் யாராவது முகம் சுளிப்பார்கள். அளவு சிறியது, அல்லது ஒட்டு சரியில்லை, அவ்வளவுதான். அதை அண்ணியின் காதில் விழும்படி யாராவது பெரியவர் உடனே சொல்லிவிட வேண்டும்.

வேப்பிலைக் காப்பு முதலில் போடும் வழக்கம் உண்டென்றால் கொழுந்துக் குச்சியை அன்று காலையிலேயே ஒடியுங்கள். முதல் நாள் ஒடித்தது வளைக்கும்போது முறியும். இலையை உருவி, வட்டமாக வளைத்து, மஞ்சள் நூலால் கட்டினால் போதும்.

வரும் 40 பெண்களுக்கும் ஆளுக்கு நான்கு என்றால் 160, அதாவது பதின்மூன்று டஜனும் நான்கும். தேர்ந்தெடுக்க இடம் வேண்டும், 16 டஜனாக எடுங்கள்: 2.4 நான்கு, 2.6 ஏழு, 2.8 நான்கு, 2.10 ஒன்று. பெண் குழந்தைகளுக்குத் தனியாக இரண்டு டஜன். முன்கூட்டியே பையில் போட்டுக் கட்டாதீர்கள், அளவு பொருந்தாமல் திரும்பி வரும். தட்டில் அளவு வாரியாக அடுக்கி, வாசல் பக்கம் ஒருவரை உட்காரவைத்துப் பார்த்துக் கொடுங்கள்.

---

பந்திக்கட்டு:

அரிசி ஆளுக்கு 110 முதல் 120 கிராம். அறுபது பேருக்கு ஏறக்குறைய ஏழு கிலோ. இதை ஐந்தாகச் சமமாகப் பிரிக்காதீர்கள், தயிர் சாதம்தான் அதிகம் போகும். புளியோதரை ஒன்றரை, எலுமிச்சை ஒன்றரை, தேங்காய் ஒன்று, சர்க்கரைப் பொங்கல் முக்கால், தயிர் இரண்டு கிலோ.

கலக்கும் வரிசை முக்கியம். புளிக்காய்ச்சலை முதல் நாள் மாலையே முடியுங்கள். ஒன்றரை கிலோ அரிசிக்கு 225 கிராம் புளி, 300 மில்லி நல்லெண்ணெய். எண்ணெய் பிரிந்து மேலே நிற்கும்வரை கொதிக்க வேண்டும், தண்ணீர் தங்கினால் சாதம் குழைந்து மாலைக்குள் வாடை அடிக்கும். காலை ஆறு மணிக்குக் கலந்தால் பதினொரு மணிக்கு ஊறி நன்றாக இருக்கும்.

எலுமிச்சைக்கு நல்ல சாறுள்ள பழம் பத்து. தாளிப்பை இறக்கி, சூடு தணிந்த பிறகே சாறு. அடுப்பில் வைத்தே ஊற்றினால் கசக்கும். பழத்தை வெள்ளை வரும்வரை அழுத்திப் பிழிந்தாலும் கசக்கும்.

வெயிலில் முதலில் கெடுவது தேங்காய் சாதம். ஒரு கிலோவுக்கு மூன்று காய். துருவலைச் சிறுதீயில் ஈரம் போகுமளவு வறுத்து, பத்து மணிக்கு மேல்தான் கலக்க வேண்டும். சூட்டோடு மூடி வைத்தால் வியர்த்து ஊசிப்போகும். முதல் பந்தியிலேயே தீர்த்துவிடுங்கள், மிஞ்சியதை யாருக்கும் கட்டிக் கொடுக்காதீர்கள்.

தயிர் சாதத்துக்குச் சாதத்தைக் குழைய வடித்து, சூட்டிலேயே மசித்து, காய்ச்சிய பால் மூன்று லிட்டர் ஊற்றுங்கள். விரல் தாங்கும் சூடு வந்ததும் தயிர் அரை லிட்டர், வெண்ணெய் 100 கிராம். எட்டு மணிக்கு இப்படிக் கலந்தால் பதினொன்றரைக்கு அளவான புளிப்பு இருக்கும். தயிரை அதிகம் ஊற்றினால் இந்த வெயிலில் இரண்டாம் பந்தியில் நாக்கு கூசும். மாதுளை, திராட்சையைப் பரிமாறும்போதுதான் தூவ வேண்டும்.

சர்க்கரைப் பொங்கலுக்கு அரிசி 750, பாசிப்பருப்பு 200, வெல்லம் ஒன்றரைக் கிலோ, நெய் 350 கிராம். அரிசி மசிய வெந்த பிறகுதான் பாகு. முன்னாலேயே வெல்லம் சேர்ந்தால் அதற்குப் பிறகு எவ்வளவு எரித்தாலும் அரிசி வேகாது.

மற்ற மூன்று சாதத்துக்கும் பொன்னி பச்சரிசி, ஒன்றுக்கு இரண்டு தண்ணீர். வடித்ததைத் தாம்பாளத்தில் பரப்பி, நல்லெண்ணெய் விட்டு முழுக்க ஆறவிடுங்கள். கரண்டிக் காம்பால் கிளறினால் பருக்கை உடையாது. அப்பளம், உருளை வறுவல், மசால்வடை போதும். இலை 65 வாங்குங்கள்.

---

செவிலி_அக்கா:

27 வாரம் நல்ல நேரம். ஒன்பதாம் மாதத்துக்குத் தள்ளினால் கால் வீக்கமும் மூச்சிரைப்பும் கூடியிருக்கும், பிரசவம் முன்கூட்டி வரவும் வாய்ப்பு உண்டு.

பாட்டியிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: கோலம் போட்டு மணையும் வைப்போம், ஆனால் மணை காலுக்கு. அண்ணி சாய்மானமும் கைப்பிடியும் உள்ள மர நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தை மணையில் வைத்துக்கொள்ளட்டும். தரையில் சம்மணமிட்டு வெகுநேரம் இருந்தால் கால் மரத்துப்போகும், கனத்த பட்டுப்புடவையோடு சட்டென்று எழும்போது தலை சுற்றி விழக்கூடும். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், வழவழத் தரையில் சறுக்கும்.

நேரத்தைக் கணக்குப் போடுங்கள். நாற்பது பேர் ஆளுக்கு இரண்டு நிமிடம் என்றால் 80 நிமிடம். இரு கைக்கும் ஒரே நேரத்தில் இருவராக வந்தால் 40 நிமிடத்தில் முடியும். நடுவில் ஒரு முறை எழுந்து நடந்து, தண்ணீர் குடித்து, கழிவறை போய் வரட்டும். "சடங்கு முடியாமல் எழக்கூடாது" என்று யாரும் தடுக்க வேண்டாம்.

வெறும் வயிற்றில் உட்கார வைக்காதீர்கள். காலைச் சிற்றுண்டி வழக்கமான நேரத்தில் முடிந்திருக்க வேண்டும். சர்க்கரை இருப்பதால் கவனம் இனிப்பில். நாற்பது பேரும் ஆளுக்கொரு கரண்டி பொங்கல் ஊட்டினால், கரண்டி பத்து கிராம் என்றாலும் 400 கிராம் ஆகிவிடும். பாட்டி, இரு அம்மாக்கள், இந்த மூவர் மட்டும் நுனிக்கரண்டியில் ஊட்டட்டும். மற்றவர்களுக்கு முன்னால் கிண்ணமே இருக்கக் கூடாது, இருந்தால் கை தானாக எடுக்கும். அண்ணிக்கு இலையில் ஐந்து சாதமும் ஒவ்வொரு பிடி, மொத்தம் ஒரு கிண்ணத்துக்கு மிஞ்சாமல். கூடவே சுண்டல், காய், தயிர் நிறைய. சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் சர்க்கரை 120க்குள் இருக்க வேண்டும், வீட்டில் கருவி இருந்தால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பன்னீரை முகத்துக்கு நேராகத் தெளிக்க வேண்டாம். சாம்பிராணி அந்த அறைக்குள்ளேயே வேண்டாம். கடைக் குங்குமம் சிலருக்குக் கன்னத்தில் தடிப்பு எழுப்பும், இரண்டு நாள் முன்பே முழங்கை மடிப்பில் தொட்டுப் பாருங்கள். சந்தனத்தைக் கல்லில் இழைத்தால் நல்லது.

கடும் தலைவலி, கண் மங்கல், வயிறு விட்டுவிட்டு இறுகுதல், நீர் கசிவு, குழந்தை அசைவு குறைவு என்று அண்ணி சொன்னால் விழாவை அப்படியே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

---

காவேரிக்கரை:

பெரியம்மா விஷயத்தில் என் கருத்து நேரானது: அவர் போடட்டும். வயிற்றில் இருப்பதும் வயிற்றுக்காரியும் நலமாக இருக்க வேண்டும் என்று மனதார நினைக்கும் கைதான் இதற்கு வேண்டும். தூக்கி வளர்த்த ஒருவரைப் புருஷன் இல்லை என்பதற்காகச் சமையற்கட்டுக்குள் நிறுத்துவது பெரிய கொடுமை.

ஆனால் எப்படிச் செய்கிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். சபையில் வைத்து "நீங்களும் வாங்க" என்று திடீரெனக் கூப்பிட்டால் அவரே பின்வாங்குவார், நாலு பேர் வாய் திறப்பார்கள், அண்ணி அழுவார். ஒரு வாரம் முன்பே அண்ணி தானே பெரியம்மாவிடம் போய், "நீங்க போட்டாத்தான் எனக்கு நிறைவு" என்று சொல்லட்டும். கர்ப்பிணி கேட்டதை மறுக்கக் கூடாது என்பதும் நம் வழக்கம்தான், பாட்டியிடம் அதையே எடுத்துச் சொல்லுங்கள். வளையல் போடும் பத்துப் பன்னிரண்டு பேரின் வரிசையை எழுதி, பாட்டிக்கு அடுத்து இரண்டாவதாக அவர் பெயரை வையுங்கள். கடைசியில் வைத்தால் கூட்டம் எழுந்து இலைக்குப் போயிருக்கும், அது இன்னொரு அவமானம். தாம்பூலம், வளையல், பூ எல்லாம் மற்றவர்களுக்குப் போலவே அவருக்கும்.

குழந்தைக்காகக் காத்திருக்கும் பெண் யாராவது வருகிறார் என்றால், அவரைக் கேட்காமல் பக்கத்தில் உட்காரவைத்து "உனக்கும் சீக்கிரம்" என்று வளையல் மாட்டாதீர்கள். விரும்பிக் கேட்பவர்கள் உண்டு, கூசிப்போய் அடுத்த விசேஷத்துக்கு வராமலே விடுபவர்களும் உண்டு. முதல் நாளே போனில் தனியாகக் கேட்டுவிடுங்கள்.

---

நாத்தனார்_தஞ்சை:

எல்லாருக்கும் மிக்க நன்றி. நாற்காலியும் மணையும் என்றதும் பாட்டி ஒத்துக்கொண்டார். பெரியம்மாவிடம் நாளை அண்ணியே பேசுகிறார். இன்னும் இரண்டு சந்தேகம். நேரம் எப்படி வைக்கலாம்? விழா முடிந்து அம்மா வீட்டுக்குப் போனதும் வளையலைக் கழற்றலாமா, பிரசவம்வரை போட்டிருக்க வேண்டுமா?

---

காவேரிக்கரை:

ஞாயிறு எமகண்டம் 12 முதல் ஒன்றரை, ராகுகாலம் மாலை நாலரைக்கு மேல். ஒன்பதரைக்கு உட்கார வைத்தால் பத்தரைக்குள் ஆரத்தி எடுத்துவிடலாம், பதினொன்றுக்கு இலை. அண்ணிக்கு முதல் இலை. அவர் சாப்பிட்டதும் உள்ளே போய் இடப்பக்கமாகப் படுத்து ஓய்வெடுக்கட்டும். கட்டுசாதத்தோடு அனுப்புவதாக இருந்தால் பன்னிரண்டுக்கு முன் அவசரப்படுத்த வேண்டாம், வெயில் தாழ்ந்து நான்கு மணிக்குள் வண்டி ஏறினால் போதும். வழிக்குப் புளியோதரை மட்டும் கட்டுங்கள்.

ஆரத்திக்கு ஒரு தட்டுத் தண்ணீரில் மஞ்சள்தூள் ஒரு கரண்டி, சுண்ணாம்பு சுண்டைக்காயளவு. முதலில் மஞ்சளைக் கரைத்துவிட்டுச் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் நிறம் பார்த்து நிறுத்தலாம். பட்டில் தெறித்தால் போகாது, பாதித் தட்டுக்கு மேல் ஊற்ற வேண்டாம்.

---

செவிலி_அக்கா:

பிரசவம்வரை போட்டிருப்பது பல வீட்டு வழக்கம், உடம்புக்கு அதில் தடை இல்லை. இந்த மாதத்தில் குழந்தைக்கு வெளிச்சத்தம் கேட்கும், வளையல் சத்தமும்தான். ஆனால் இருபதையும் வைத்துக்கொண்டு தூங்க முடியாது. இரவிலேயே கைக்கு நான்கைந்து விட்டு மற்றதைக் கழற்றிவிடலாம். கழற்றும்போது சோப்பு நுரை தடவி, கையைச் சிறிது நேரம் உயர்த்திப் பிடித்தால் வீக்கம் வடிந்து எளிதாக இறங்கும்.

பிரசவத்துக்குச் சேரும்போது கண்ணாடி வளையலும் விரல் மோதிரமும் இருக்கக் கூடாது. குளுக்கோஸ் ஏற்ற ஊசி குத்துவது முன்கையில்தான், ஆபரேஷன் என்றால் எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார்கள். வலி வந்த நேரத்தில் அவசரமாக இழுத்தால் உடைந்து கிழிக்கும். 36 வாரம் ஆனதும் ஒரு நல்ல நாள் பார்த்து நிதானமாகக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுங்கள். வெறுங்கையாக இருக்கக் கூடாது என்று வீட்டில் சொன்னால் மஞ்சள் நூல் ஒன்று கட்டிக்கொள்ளலாம், தேவைப்பட்டால் கத்தரிக்கோலால் ஒரு நொடியில் வெட்டிவிடலாம்.