பனியாற்றின் அடியிலிருந்து எழும் நீர்: 'பொங்குநீர்' எனலாமா?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு, வணக்கம்.

முந்தைய மடலில், பனியாறு (நிலத்தில் மெல்ல நகரும் பெரும் பனிக்கட்டித் திரள்) பற்றி ஐயா எழுதியது:

> பனியாற்றின் அடியிலிருந்து கடலுக்குள் வரும் உருகுநீருக்கு 'பனியடி நீர் வெளியேற்றம்' என்று வைத்துக்கொள்ளலாம். சொல்லுக்குச் சொல் சரியாக இருக்கிறது.

சொல்லுக்குச் சொல் சரிதான் ஐயா. ஆனால் இங்கே எண்ணூர்ப் பக்கம் யாரிடமாவது 'வெளியேற்றம்' என்று சொல்லிப் பாருங்கள். ஆலைக் கழிவும் அனல்மின் நிலையச் சுடுநீரும்தான் அவர்கள் நினைவுக்கு வரும். ஆய்வு மாணவி ஒருவரின் முனைவர் பட்ட ஆய்வேட்டின் தமிழ்ச் சுருக்கத்தில் இந்தச் சொல் போனால், உருகுநீர் வந்தாலே கடலுக்குக் கெடுதல் என்று படிப்பவர் முடிவு கட்டிவிடுவார். விஷயம் அப்படி இல்லை.

ஆர்க்டிக்கில் ஸ்வால்பார்டு தீவுகளில் உள்ள கோங்ஸ்ஃபியோர்டன் என்ற ஃபியோர்டை, அதாவது மலைகளுக்கிடையே நீண்டு புகும் கடற்கழியை, எடுத்துக்கொள்வோம். நம் நாட்டின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் 2008 முதல் அதன் கரையில்தான் இருக்கிறது. பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தார் பங்கேற்று உருவாக்கிய இண்ட்ஆர்க் என்ற, கடலுக்குள் நின்று அளவெடுக்கும் கருவித் தொகுதியை 2014இல் இறக்கியதும் அந்த ஃபியோர்டில்தான். அங்கே குரோனெப்ரீன் என்ற பனியாறு நேராகக் கடலில் வந்து முடிகிறது. கோடையில் உருகும் நீர் பனிக்கட்டியின் விரிசல்கள் வழியாக அடிக்கு இறங்கி, கடல்மட்டத்துக்குக் கீழே வெளிவருகிறது. நன்னீர் உப்புநீரை விட இலேசானது. அதனால் விறுவிறுவென்று மேலே ஏறுகிறது. ஏறும்போது சுற்றியுள்ள ஆழ்கடல் நீரையும் தன் அளவைப்போலப் பல மடங்கு இழுத்துக்கொண்டு வருகிறது. உருகுநீரில் நைட்ரேட் அதிகம் கிடையாது. இழுபட்டு வரும் அந்த ஆழ்நீரில்தான் இருக்கிறது. நுண்பாசிகளுக்கு அது உணவு. கூடவே மேலே வரும் சிற்றிறால் போன்ற மிதவை உயிரிகள் திடீர் நன்னீரில் மயங்கிப்போக, பனிச்சுவருக்கு முன்னால் பழுப்பாகக் கலங்கிய நீரில் கிட்டிவேக் பறவைகள் கூட்டமாக இறங்கிக் கொத்தித் தின்கின்றன.

இதே பனியாறு சுருங்கிக் கரையேறிவிட்டால் கதை மாறுகிறது. உருகுநீர் ஓடையாக வந்து கடலின் மேற்பரப்பில் மட்டும் விரிகிறது. ஆழ்நீர் மேலே வருவதில்லை. மேலே இலேசான நீர் மூடிபோல் நின்றுவிடுகிறது. அதில் மிதக்கும் நுண்ணிய பாறைத்தூள் வெளிச்சத்தையும் மறைக்கிறது. அண்டார்க்டிகாவின் கிங் ஜார்ஜ் தீவில், போட்டர் கோவ் என்ற சிறு குடாவில், இப்படி வந்து படிந்த வண்டல் கூடக்கூட, நீரை வடிகட்டித் தின்னும் அசிடியன்கள் என்ற கடலடி உயிரிகள் குறைந்துபோயிருக்கின்றன.

ஒன்று ஊட்டுகிறது, மற்றது மூடுகிறது. ஆகவே இரண்டு சொல் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதலாவதற்கு என் பரிந்துரை 'பனியடிப் பொங்குநீர்'. 'ஊற்று' என்று தோழி ஒருவர் கேட்டிருந்தார். நல்ல சொல்தான், ஆனால் ஊற்று தன் நீரை மட்டும் தரும். சுற்றியுள்ளதை வாரிக்கொண்டு வராது. 'குமிழி' என்றால் காற்றுக்குமிழ் என்று படிப்பார்கள். 'மேலெழுச்சி' ஏற்கெனவே காற்றினால் ஆழ்நீர் மேலே வருவதற்குப் புழங்குகிறது, அதை அங்கேயே விட்டுவிடலாம். பொங்குதல் என்றால் அடியிலிருந்து வேகத்தோடு, கலங்கிக்கொண்டு மேலே வருவது. குற்றாலத்துப் பொங்குமாங்கடலைப் பார்த்தவருக்கு விளக்கமே தேவைப்படாது.

இரண்டாவதற்கு 'படர்நீர்'. இதில் எனக்கு அவ்வளவு பிடிவாதம் இல்லை.

அப்புறம், 'பனிப்பாறை' பற்றி. செய்தித்தாள்களில் நிலத்தில் நகரும் பனியாறும் கடலில் மிதக்கும் பாளமும் இரண்டுமே பனிப்பாறைதான். இந்த ஆய்வேட்டில் அப்படி விட முடியாது. நிலத்திலிருந்து வருவது பனியாறு, உடைந்து மிதப்பது மட்டும் பனிப்பாறை. இதைத் தயவுசெய்து யாரும் தளர்த்த வேண்டாம். கடலில் முடிவதைக் 'கடல்முகப் பனியாறு' என்றும் கரையில் முடிவதை 'நிலமுகப் பனியாறு' என்றும் சொன்னால், பொங்குநீர் எங்கே வரும், படர்நீர் எங்கே வரும் என்பது பெயரிலேயே தெரிந்துவிடும்.

ஆய்வு மாணவி இந்த மாதக் கடைசியில் சுருக்கத்தை ஒப்படைக்க வேண்டும். 'படர்நீர்' என்பதற்கு மேலான சொல் இருந்தால் அதற்குள் எழுதுங்கள். மீனவர் வழக்கில் மேலாக விரியும் கலங்கல் நீருக்குத் தனிப் பெயர் இருக்கக்கூடும். காசிமேட்டிலோ பழவேற்காட்டிலோ பழக்கம் உள்ளவர்கள் கேட்டுச் சொன்னால், என் சொல்லை எடுத்துவிட்டு அதையே போட்டுவிடலாம்.