மறு: மிஸ்ஃபயருக்கு ‘எரிபிழை’ சரிப்படாது

அன்பர்களுக்கு வணக்கம். மிஸ்ஃபயர் (இஞ்சினுக்குள் போன எரிபொருள் கலவை எரியாமல் விட்டுப்போவது) என்பதற்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் குழுவில் அன்பர் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> மிஸ்ஃபயர் = எரிபிழை. சுருக்கமாக இருக்கிறது. முடிவு செய்துவிடலாமே?

கொஞ்சம் பொறுங்கள் ஐயா. இந்த ஒரு சொல்லுக்காக நான் கைக்காசு இழந்தவன்.

என்னுடையது இருபத்தைந்து வயது தாண்டிய 1.5 லிட்டர் கார். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் செம்பனைத் தோட்டத்து மண்சாலை பாதி, ஈப்போ சாலை பாதி என்று ஓடி உழைத்த வண்டி. போன வருடக் கடைசியில், சிக்னலில் நின்றால் குலுங்க ஆரம்பித்தது. “சாமி வந்த மாதிரி ஆடுது” என்பாள் மனைவி. எண்ணெய் மிதித்துக் கிளம்பிவிட்டால் ஒன்றும் தெரியாது. முதலில் போன பட்டறையில் பிளக் (கலவையைப் பற்றவைக்கத் தீப்பொறி தருவது) போய்விட்டது என்றார்கள். நான்கு பிளக் மாற்றினேன். அப்புறம் பிளக் வயர், அப்புறம் பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில். மூன்று முறை பணம் கட்டியும் அதே ஆட்டம்.

கடைசியில் தோட்டத்து லாரிகளைப் பார்க்கும் பழைய போமன் ஒருவரிடம் போனேன். (மெக்கானிக்கை எங்கள் பக்கம் போமன் என்றுதான் சொல்வோம்.) பானெட்டைத் திறப்பதற்கு முன்பே கேட்டார்: “நிக்கிறப்போ மட்டும்தானே தப்புது?” புகைக்குழாய் வாயருகே உள்ளங்கையை விரித்துப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு, தாளம் எண்ணுகிறவர் போல நின்றார். பிறகு ரப்பர் பிடி போட்ட குறடால் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். ஒரு சிலிண்டர் (கலவை எரியும் அறை) செத்திருந்தால், அதன் வயரைக் கழற்றும்போது இஞ்சினில் மாற்றமே தெரியாது. இங்கே எதைக் கழற்றினாலும் இஞ்சின் இன்னும் கொஞ்சம் தள்ளாடியது. ஆகவே கோளாறு ஒரு சிலிண்டரில் இல்லை, நான்குக்கும் பொதுவான இடத்தில்.

அந்த இடம் ஈஜிஆர் வால்வு. வெளியேறும் புகையில் ஒரு பங்கைத் திரும்ப இஞ்சினுக்குள் விடுவது அதன் வேலை. புகை கலந்தால் எரியும் சூடு தணியும், சூடு தணிந்தால் நைட்ரஜன் ஆக்சைடுகள் என்ற நச்சுவாயுக்கள் குறையும். ஆனால் இஞ்சின் சும்மா ஓடும்போது அது இறுக மூடியிருக்க வேண்டும். அப்போது உள்ளே வரும் காற்றே கொஞ்சம், அதில் புகையும் சேர்ந்தால் கலவை பற்றாது. கழற்றிக் காட்டினார்: ஊசிமுனைக்கும் அது உட்காரும் வளையத்துக்கும் நடுவில் மிளகளவு கரிக்கட்டி. அவ்வளவுதான்.

வால்வைத் திரும்ப மாட்டும்போது இடைவெளியை அடைக்கும் கேஸ்கெட் வர இரண்டு வாரம் ஆகும் என்றதால், அதுவரை தகடு வைத்து அடைத்துக் கொடுத்தார். குலுக்கல் நின்றது. ஆனால் ஈப்போவிலிருந்து தைப்பிங் போகும்போது, மெனோரா சுரங்கத்துக்கு முந்திய ஏற்றத்தில், தகர டின்னில் கல்லைப் போட்டு ஆட்டுவது போல இஞ்சின் ‘கடகட’ என்றது. புகை வராததால் உள்ளே சூடு ஏறி, சுடர் போய்ச் சேருமுன்பே கலவையின் ஒரு மூலை தானாக வெடிக்கிறது. நாக்கிங் என்பது இதுதான்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். மெனோராவில் நடந்ததுதான் பிழையான எரிதல். சிக்னலில் நடந்தது எரியாமலே போனது. இரண்டும் வேறு வேறு கோளாறு, ஒன்றைத் தீர்க்கப் போய்த்தான் மற்றது வந்தது. ‘எரிபிழை’ இரண்டையும் ஒரே கோணியில் கட்டிவிடும். யாழ்ப்பாணத்து நண்பர் சொன்ன ‘பொறித்தவறு’ இன்னும் ஆபத்து. பொறி என்றால் தீப்பொறியா, எந்திரமா? தீப்பொறி என்று எடுத்துக்கொண்டால் என் முதல் பட்டறைக்காரர் செய்ததுதான் நடக்கும். என் பிளக்கில் பொறி நன்றாகவே வந்தது.

போமன் வாயில் வந்த ‘தப்புது’ எனக்குப் பிடித்திருக்கிறது. தாளம் தப்பியது, குறி தப்பியது என்கிறோம். வர வேண்டிய நேரத்தில் வராமல் போனது என்ற பொருள் அதில் இருக்கிறது. நான்கு சிலிண்டர் இஞ்சின் நிமிடத்துக்கு 750 சுற்றில் சும்மா ஓடினாலே நொடிக்கு 25 முறை எரிகிறது. அதில் சில அடி விட்டுப்போவதைத்தான் கை உணர்கிறது. எனவே ‘எரிதப்பு’. தப்பு என்றால் குற்றம் என்று காதில் விழாதா என்று கேட்பீர்கள். ‘தப்பிப் பிழைத்தேன்’ என்பதில் என் தப்பும் உங்கள் பிழையும் சேர்ந்தே இருக்கின்றன, அங்கே யாரும் குற்றம் பார்ப்பதில்லை. வினையாகவும் ஓடும்: ‘இரண்டாவது சிலிண்டர் தப்புகிறது.’ காரின் கோளாறைப் படித்துச் சொல்லும் ஸ்கேனரில் வரும் பி0302 குறியீட்டுக்கு ‘2ஆம் சிலிண்டர் எரிதப்பு’ என்று எழுதிவிடலாம். சிலிண்டரை உருளை ஆக்க வேண்டும் என்பவர்களோடு இன்னொரு நாள் சண்டை போடுகிறேன்.

வால்வுக்குச் சிலர் சொல்லும் ‘ஓரதர்’ பொதுச்சொல்லாக வேண்டாம். ஒருவழி என்பது அதன் பொருள். ஈஜிஆர் வால்வின் வேலை வழியை ஒருபக்கமாக்குவதல்ல, அளந்து விடுவது. வாய்க்காலில் பலகையை ஏற்றி இறக்கி நீரை அளந்து விடுகிறோமே, அதற்கு மடை என்று பெயர் இருக்கிறது. ‘மீள்புகை மடை’ என்றேன். போமன் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, “மடை அடைச்சிருக்கு, மடை தொறந்தே கெடக்கு, சரியாத்தான் இருக்கு” என்றார். பிசிவி வால்வுக்கு (இஞ்சின் அடிப்பகுதியில் சேரும் வாயுவைத் திரும்ப உள்ளே விடுவது) மட்டும் எனக்கு வழி தெரியவில்லை. அது அளந்தும் விடுகிறது, இஞ்சின் பின்னடித்தால் (சுடர் காற்று வரும் குழாய்ப் பக்கம் திரும்பினால்) ஒருவழியாக அடைத்தும் கொள்கிறது.

போமன் தன் பட்டறைச் சுவரில் ஒட்ட ஒரு தாள் கேட்டிருக்கிறார். பி0300 ‘பல சிலிண்டர் எரிதப்பு’, பி0401 ‘மீள்புகை போதவில்லை’ என்று போட்டு வைத்திருக்கிறேன். மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். சனிக்கிழமை அச்சுக்குக் கொடுத்துவிடுவேன்.