அப்பத்தா முகம் வரையுறேன், வேற யாரோ மாதிரி வருது

கேள்வி:
வணக்கம். மூணு மாசமா பென்சில்ல முகம் வரைஞ்சு பழகிட்டிருக்கேன். கண்ணு, மூக்கு, வாய்னு தனித்தனியா போட்டா நல்லா வருது, முழு முகமா போட்டா மட்டும் எங்க அப்பத்தா இல்ல, வேற யாரோ ஒரு பாட்டி உக்காந்திருக்காங்க. போன வருஷம் தவறிட்டாங்க, நான் போன்ல ரொம்ப கிட்ட வச்சு எடுத்த போட்டோ ஒண்ணு தான் கையில இருக்கு. நெத்தி வேற சின்னதா போயிடுது, அழிச்சு அழிச்சு பேப்பரே பஞ்சாயிடுச்சு. திவசத்துக்கு இன்னும் ரெண்டரை மாசம் இருக்கு, அதுக்குள்ள கலர்ல ஒரு படம் முடிச்சு அப்பாகிட்ட குடுக்கணும். எங்க தப்பு பண்றேன்?

பதில்:
நெத்தி சின்னதா போகுதுன்னா கண்ணை மேல ஏத்தி வச்சிட்டீங்கன்னு அர்த்தம். உச்சந்தலையில இருந்து தாடை வரைக்கும் அளந்தா கண்ணு ஏறக்குறைய பாதியில தான் இருக்கும், புதுசா வரையுறவங்க எல்லாருமே நெத்தியையும் மண்டையையும் குறைச்சிடுவாங்க. ரெண்டு கண்ணுக்கும் நடுவுல ஒரு கண் அகலம் இடம். ஆனா இதெல்லாம் பொது அளவு தாங்க, அதுல இருந்து உங்க அப்பத்தா எங்க விலகுறாங்களோ அங்க தான் அவங்க ஜாடை இருக்கு. பல்லு போயிருந்துச்சா? அப்படின்னா மூக்குக்கும் தாடைக்கும் நடுவுல தூரம் சுருங்கி உதடு உள்ள மடங்கியிருக்கும், அதை இளவயசு அளவுல போட்டா ஆளே மாறிடும்.

பதில்:
போட்டோ மேலயும் தப்பு இருக்கு. போனை முகத்துக்கு கிட்ட வச்சா மூக்கு பெருசாகி காது பின்னால போயிடும், நீங்க எவ்ளோ சரியா வரைஞ்சாலும் அந்த கோணல் அப்படியே வரும். அஞ்சாறு அடி தள்ளி நின்னு யாராவது எடுத்த போட்டோ இருக்கான்னு சொந்தக்காரங்ககிட்ட கேளுங்க, கல்யாண குரூப் போட்டோ கூட போதும். அப்புறம் போட்டோவையும் படத்தையும் தலைகீழா வச்சு பாருங்க, கண்ணு மூக்குங்கிற நினைப்பு போய் நிழல் வடிவம் மட்டும் தெரியும், எங்க பிசகுதுன்னு உடனே பிடிபடும்.

கேட்டவர்:
ஆமாங்க, பல்லு ஒண்ணு கூட இல்ல! நான் வாயை என் வாய் அளவுக்கு போட்டிருக்கேன். அத்தைகிட்ட கேட்டேன், ஒரு காதுகுத்துல எடுத்த போட்டோ அனுப்பினாங்க, பாம்படம் போட்டு இறங்கின காது ரெண்டும் தெளிவா தெரியுது. இப்ப கலர் சொல்லுங்க, மாநிறம் போட்டா சாம்பல் பூசின மாதிரி ஆயிடுது.

பதில்:
நிழலுக்கு கருப்பு கலக்குறீங்க போல, அதான் சாம்பல். பர்ன்ட் சியன்னாவோட (செம்பழுப்பு கலர்) அல்ட்ராமரைன் நீலம் கலந்து பாருங்க, அடர்த்தியாவும் இருக்கும், உயிரோடவும் இருக்கும். வெளிச்சம் படுற இடத்துக்கு எல்லோ ஆக்கர் (மண் மஞ்சள்), வெள்ளை. கன்னம், மூக்கு நுனி, காது எல்லாம் கொஞ்சம் சிவப்பு தூக்கலா இருக்கட்டும். ஜன்னல் வெளிச்சத்துல நம்ம நிறத்து நெத்தியில விழுற மினுக்கத்துல வானத்தோட நீலம் லேசா இருக்கும், 2021ல கொரோனால இறந்துபோன ஓவியர் இளையராஜா வரைஞ்ச கிராமத்து பொண்ணுங்க முகத்தை பெருசு பண்ணி பாருங்க, மாநிறத்துல எத்தனை கலர் இருக்குன்னு புரியும். சென்னை பக்கம் வந்தா எழும்பூர் மியூசியத்துல ரவி வர்மா படங்கள் இருக்கு, நேர்ல கிட்ட நின்னு பாருங்க.

வாட்டர்கலர் வேண்டாம், தப்பானா திருத்துறது கஷ்டம். ரெண்டரை மாசம் இருக்குல்ல, ஆயில் பெயிண்ட்லயே பண்ணுங்க, மெல்லிசா பூசினா காயும். சுருக்கத்தை மட்டும் கோடா போட்டுடாதீங்க, ஒவ்வொரு சுருக்கமும் ஒரு சின்ன மடிப்பு, ஒரு பக்கம் அழுத்தமா ஆரம்பிச்சு மறுபக்கம் கரைஞ்சு போகும். முக்கியமான ஏழெட்டு மட்டும் போட்டா போதும்.

கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க. தாடையை மேல ஏத்தி, உதட்டை உள்ள இழுத்து இப்ப தான் திரும்ப ஸ்கெட்ச் போட்டேன். காது இன்னும் வரல, ஆனா வாய் அப்பத்தா வாய் தான். கலர் ஆரம்பிச்சதும் படம் போடுறேன்.