கொடுத்ததைக் காசில் எழுதிய பேரரசர்

குழு: கீழத்தெரு உறவுகள்

மாலதி சித்தி: நந்தினி, நீ ஸ்டேட்டஸில் வைத்திருக்கும் தங்கக் காசில் ஒரு அம்மாள் சல்லடையோடு நிற்கிறாளே, யார் அவள்?

நந்தினி: சல்லடை இல்லை சித்தி 😄 காசு எண்ணும் பலகை. புள்ளி புள்ளியாகத் தெரிபவை காசு வைக்கும் குழிகள். இன்னொரு கையில் பழம் நிறைந்த கொம்பு. பெயர் லிபராலிடாஸ். வள்ளன்மைக்கு ரோமானியர் கொடுத்த பெண்ணுருவம். ரோமானியப் பேரரசர் அன்டோனினஸ் பயஸ் வெளியிட்டது, கி.பி. 2ஆம் நூற்றாண்டு.

சேகர் மாமா: எடையைச் சொல் முதலில்.

நந்தினி: ஏறத்தாழ 7.3 கிராம். ஒரு ரோமானிய ராத்தலுக்கு 45 காசு என்று பேரரசர் நீரோ கி.பி. 64இல் குறைத்த கணக்கு.

சேகர் மாமா: பவுனுக்கும் குறைவு. மாற்று?

நந்தினி: ஏறக்குறைய சுத்தத் தங்கம்.

சேகர் மாமா: அப்படியானால் சரி.

மாலதி சித்தி: ஓரத்தில் நான்கு கோடு போட்டிருக்கிறதே?

நந்தினி: நான்காவது தடவையாக மக்களுக்குப் பணம் வழங்கினார் என்று அர்த்தம்.

பெரியப்பா: கொடுத்ததை எண்ணி எழுதிக்கொள்வதா? மொய் நோட்டு கெட்டது போ!

நந்தினி: இது பழைய வழக்கம் பெரியப்பா. கி.மு. 27இல் வீரம், கருணை, நீதி, பக்தி நான்கையும் பொறித்து முதல் பேரரசர் அகஸ்டஸுக்கு செனட் என்ற ரோமானிய ஆட்சி மன்றம் ஒரு தங்கக் கேடயம் வழங்கியது. அந்தக் கேடயமும் காசில் ஏறியது. பின்னால் வந்தவர்கள் குணங்களைக் கூட்டிக்கொண்டே போனார்கள். இதில் உச்சம் டிடியஸ் ஜூலியானஸ்தான். கி.பி. 193இல் பேரரசரின் மெய்க்காவல் படை ஆட்சியை ஏலம் விட்டது. ஆளுக்கு 25,000 செஸ்டர்ஸ், அதாவது 250 தங்கக் காசு தருவதாகச் சொல்லி எடுத்தார். அவர் அடித்த காசில் இரண்டு படைக்கொடிகளைப் பிடித்தபடி ஒரு பெண். எழுத்து என்ன தெரியுமா? ‘படைவீரர்களின் ஒற்றுமை’!

பெரியப்பா: விலைக்கு வாங்கிய ஒற்றுமை எத்தனை நாள் தாங்கியது?

நந்தினி: 66 நாள். அரண்மனையிலேயே ஒரு படைவீரன் கொன்றுவிட்டான்.

சேகர் மாமா: புதுக்கோட்டைப் பக்கம் கிடைத்த ரோமானியக் காசுகளில் வெட்டு இருக்கிறதாமே?

நந்தினி: ஆமாம் மாமா. 1898இல் கிடைத்த 501 தங்கக் காசுகள். பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைமேலேயே உளி வெட்டு. மறுபடி நாணயமாகச் செல்லாமல் வெறும் பொன்னாகப் புழங்கட்டும் என்று வெட்டினார்கள் என்பது ஒரு கருத்து.

சேகர் மாமா: முலாமா என்று பார்க்கவும் வெட்டியிருப்பார்கள். சந்தேகம் வந்தால் என் பட்டறையிலும் வெட்டித்தான் பார்ப்போம்.

மாலதி சித்தி: அண்ணா, என் வளையல் உங்கள் பட்டறையில்தானே இருக்கிறது? 😟