அரிட் ரிகவரி வேலிக்குள்: பூடி, பில்பி, குச்சிக்கூட்டு எலி – அனுபவப் பகிர்வு

தென் ஆஸ்திரேலியாவில் அடிலெய்டிலிருந்து வடக்கே 500 கி.மீ.க்கும் மேல் போனால் ராக்ஸ்பி டவுன்ஸ் என்ற சுரங்க ஊர் வரும். அதையடுத்து, கோகதா பழங்குடி மக்களின் மண்ணில், 1997-இல் தொடங்கியது அரிட் ரிகவரி என்ற வேலியிட்ட வனவிலங்குக் காப்பகம். பரப்பு 123 சதுர கி.மீ., செம்மணல் மேடுகள் நிறைந்தது. அதில் சுமார் பாதிப் பகுதியில் பூனை, நரி, முயல் மூன்றையும் வேலிக்கு வெளியே நிறுத்திவிட்டு, அந்த வட்டாரத்தில் அற்றுப்போன விலங்குகளை மறுபடி குடியேற்றிய இடம். தன்னார்வலர்கள் இல்லாமல் அங்கே வேலை நடக்காது. போகிறவர்களுக்கு என்னென்ன எதிர்ப்படும், எப்படி நடந்துகொள்வது என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

* * *

இரவில் முதலில் கண்ணில் படுவது பூடிதான். வளை தோண்டி அதற்குள் வாழும் ஒரே கங்காரு இனம். சுமார் ஒன்றரைக் கிலோதான் இருக்கும். கூட்டமாக வளைக்குள்ளிருந்து வந்து சண்டை போட்டபடியே மேயும். பில்பி என்ற சிறு பைவிலங்கு அப்படியல்ல, தனியாகத் திரியும். நீண்ட காதும், நுனி வெளுத்த வாலும் அடையாளம். அதன் வளை சுருளாக இறங்கி சுமார் 2 மீட்டர் ஆழம் போகும், ஆகவே மண்மேட்டின் மேல் கால் வைக்காமல் சுற்றிப் போங்கள், இடிந்துவிடும்.

வெள்ளை டார்ச் வேண்டாம், சிவப்பு விளக்கே போதும். வெளிச்சத்தை நேராகக் கண்ணில் அடிக்காமல் விலங்கின் ஓரமாகப் பிடித்தால் அது மேய்ச்சலை விடாது. விடிந்ததும் மணலைப் பாருங்கள். அங்கே கணக்கெடுப்பின் பாதி காலடித் தடத்தில்தான் நடக்கிறது: மணல் பாதையை மாலையில் துடைத்து விட்டு, காலையில் எதன் தடம் எத்தனை என்று எண்ணுவார்கள். காற்று வீசிய இரவின் கணக்கை நம்பக்கூடாது, தடம் மூடிப்போயிருக்கும்.

* * *

பொறி வேலைக்குப் போகிறவர்களுக்கு. ஓட்ஸையும் பீநட் பட்டரையும் பிசைந்த உருண்டைதான் இரை. பொழுது சாயக் கூண்டுப்பொறியை வைத்து, மேலே சாக்குப் போர்த்த வேண்டும். சூரியன் ஏறுமுன் எல்லாப் பொறியும் பார்த்து முடிந்திருக்க வேண்டும், பாலை வெயிலில் ஒரு மணி நேரத் தாமதம்கூட உயிரை வாங்கும். அடுத்த எமன் எறும்பு. புற்று, எறும்புச் சாரை பக்கத்தில் பொறி வைக்காதீர்கள். வேறு இடமில்லையென்றால் சுற்றிலும் எறும்புப் பொடி தூவுவார்கள்.

பிடிபட்டதும் கூண்டின் வாயோடு காடாத் துணிப்பையைப் பொருத்தி அதற்குள் ஓட விடுங்கள். தலை இருட்டில் இருந்தால் பதற்றம் அடங்கும். பையோடு ஸ்பிரிங் தராசில் எடை, பிறகு ஸ்கேனரால் மைக்ரோசிப் எண், கடைசியாக வயிற்றுப் பையில் குட்டி இருக்கிறதா என்று பார்ப்பது. இந்தக் கடைசிக் கட்டத்தில்தான் அதிகம் தவறு நடக்கிறது. பூடி பயந்தால் வயிற்றுப் பையின் தசையைத் தளர்த்தும், குட்டி கீழே விழுந்துவிடும். துரத்தும் விலங்கிடமிருந்து தப்ப அதற்கு உள்ள வழி அது. விழுந்த குட்டியைத் திரும்ப வயிற்றுப் பைக்குள் வைத்து, அதன் வாயை மருத்துவமனையில் ஒட்டும் காகித நாடாவால் ஒட்டி, தாயைப் பிடித்த அதே இடத்தில் சத்தமில்லாமல் விட வேண்டும். நாடா தானாகக் கழன்றுவிடும். முலைக்காம்பைக் கவ்வியிருக்கும் குட்டியை ஒருபோதும் இழுக்காதீர்கள்.

பில்பி பொறிக்குள் எளிதில் வராது. இரவில் வண்டியிலிருந்து விளக்கடித்து, கைவலை வைத்துத்தான் பிடிக்கிறார்கள். அனுபவமில்லாத கை அதில் இறங்கக்கூடாது.

* * *

வேலியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. உயரம் 1.8 மீ. மேல்முனையில் 60 செ.மீ. வலை வெளிப்பக்கமாக வளைந்து தொங்கும், அதை விறைப்பாக இழுத்துக் கட்டக்கூடாது. பூனை ஏறி அந்த விளிம்பைப் பற்றினால் அது தளதளவென்று ஆடிக் கீழே தள்ளும். விறைப்பாக இருந்தால் ஏணியாகிவிடும். மின்கம்பி துணைக்குத்தான், தனியாக அது பூனையையோ நரியையோ நிறுத்தாது. வலையின் அடியைத் தரைமேல் வெளிப்பக்கம் பாவாடைபோல் விரித்திருப்பார்கள், தோண்டுகிற நரிக்கும் முயலுக்கும் அதுதான் தடை. கீழ்ப்பகுதி வலைக்கண் 30 மி.மீ. தான். 40 மி.மீ. வைத்தால் முயல்குட்டி நுழைந்துவிடும்.

ரோந்து போகும்போது பார்க்க வேண்டியவை: மழைக்குப் பின் நீரோட்டம் அரித்த அடிப்பகுதி, உப்பு மண்ணில் துருவேறிய வலை, கங்காரு மோதிப் பிய்ந்த இடம், காற்று குவித்த மணல். மணல் ஏற ஏற வேலியின் உயரம் குறைகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

* * *

மேலே வேலி பற்றி எழுதிய அண்ணன் விட்ட ஒன்று, வேலியே கொல்லவும் செய்யும். கான்பெராவின் மல்லிகன்ஸ் ஃப்ளாட் காப்பகத்தில் 2009-இல் 11.5 கி.மீ. வேலி முடிந்தது. குளத்துக்குக் குளம் நடக்கும் நீள்கழுத்து ஆமைகள் வழி மறிக்கப்பட்டு, வலையோரமே நடந்து நடந்து வெயிலில் செத்தன. ஆமையைக் கண்டால் ஓட்டின் இரு பக்கமும் பின்புறமாகப் பிடித்துத் தூக்குங்கள். நாற்றமடிக்கும் திரவம் விடும், பயந்து கீழே போட்டுவிடாதீர்கள். அது எந்தத் திசை பார்த்து நடந்ததோ அந்தத் திசையில், வேலிக்கு மறுபுறம் விடுங்கள்.

அதே இடத்தில் 2016-இல் கிழக்குக் குவோல்களை (புள்ளி போட்ட, ஊனுண்ணும் சிறு பைவிலங்கு) ஆணும் பெண்ணுமாக விட்டபோது பல வேலி ஏறி வெளியே போய் மடிந்தன. அடுத்த முறை பையில் குட்டி உள்ள பெண்களை மட்டும் விட்டார்கள். குட்டிகளுக்கு வளை தேவை என்பதால் அவை தங்கின, நான்கில் மூன்றுக்கு மேல் பிழைத்தன.

* * *

மறுபடி அரிட் ரிகவரிக்கு வருவோம், அங்கே பெரிய தலைவலியானது பூடியின் பெருக்கம். சில பத்து விலங்குகளில் தொடங்கியது ஆயிரக்கணக்கில் போய், செடிகளை மொட்டையடித்தது. ஒரு பெண் பூடி ஆண்டுக்கு மூன்று குட்டிகள் வரை ஈனும், வேட்டையாடப் பூனையோ நரியோ அங்கே உள்ளே இல்லை. இலை தின்னும் குச்சிக்கூட்டு எலிக்கு இதனால் இரையும் மறைவும் குறைகின்றன. அதற்குக் கடுங்கோடையும் ஆகாது. அதன் சுள்ளிக் கூட்டைப் பார்த்தால் ஒரு குச்சியைக்கூட உருவாதீர்கள், உள்ளே குளிர்ச்சி காப்பது அந்த அடுக்குதான்.

இதற்காக ஒருவழிக் கதவுகள் வைத்தார்கள்: பூடி வெளியே போகலாம், எதுவும் உள்ளே வர முடியாது. இன்னொரு அடைப்பில் வேண்டுமென்றே சில பூனைகளை விட்டு, பூடியையும் பில்பியையும் அவற்றோடு வாழ வைத்தார்கள். இரண்டு ஆண்டில் அந்தப் பில்பிகள் எச்சரிக்கை கற்றன. பூனை மிகுந்த இடத்துக்கு மாற்றியபோது, பூனையையே அறியாத பில்பிகளைவிட அதிகம் பிழைத்தன. 2018-இல் மேற்குக் குவோலையும் கொண்டுவந்தார்கள், உள்ளூர் வேட்டை விலங்கு ஒன்று உள்ளே இருக்க வேண்டுமென்று. இரவில் புள்ளி போட்ட ஒன்று வேலியோரம் ஏறி நின்றால் விரட்டாமல், இடத்தையும் நேரத்தையும் குறித்து ஊழியரிடம் உடனே சொல்லுங்கள்.