டிஜிகாமையும் கிம்ப்பையும் சேர்த்துப் பயன்படுத்தலாமா?

கேள்வி: படம் திருத்த கிம்ப் போதும், ஆனால் எந்தப் படம் எந்த ஃபோல்டரில் என்று தேடியே பாதி நேரம் போய்விடுகிறது. படங்களை ஒழுங்குபடுத்தித் தேட உதவும் டிஜிகாம் மென்பொருளைப் போட்டால் கிம்ப்போடு மோதுமா, படங்களை வேறு இடத்துக்கு மாற்றிவிடுமா? விண்டோஸ்தான்.

பதில்: மோதாது, இரண்டும் தனித்தனி மென்பொருள்கள். டிஜிகாமை முதல்முறை திறக்கும்போது படங்கள் எங்கே இருக்கின்றன, டேட்டாபேஸை எங்கே வைப்பது என்று கேட்கும். படங்கள் இருந்த இடத்திலேயே இருக்கும், அவற்றைப் பற்றிய விவரங்கள்தான் அந்த டேட்டாபேஸில், அதாவது எஸ்க்யூலைட் கோப்பில், போய்ச் சேரும். அந்தக் கோப்பை நெட்வொர்க் டிரைவில் மட்டும் வைக்காதீர்கள். திருத்த வேண்டுமென்றால் டிஜிகாமில் படத்தின் மேல் ரைட் கிளிக், 'ஓப்பன் வித்', கிம்ப். அவ்வளவுதான்.

பதில்: அப்புறம் ஒன்று, கிம்ப்பில் கன்ட்ரோல்+எஸ் அடித்தால் கிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் ஆகத்தான் சேமிக்கும். ஜேபெக் வேண்டுமென்றால் 'எக்ஸ்போர்ட் ஆஸ்' கொடுத்து, அதே ஃபோல்டரில் வேறு பெயரில் வையுங்கள், மூலப் படத்தின் மேல் எழுதாதீர்கள், ஜேபெக்கைத் திரும்பத் திரும்பச் சேமித்தால் தரம் குறையும். டிஜிகாமில் இரண்டையும் ஒரே குழுவாகச் சேர்த்துவிட்டால் பட்டியல் நெரிசலாகாது.

கேள்வி கேட்டவர்: சரி, நன்றி. டிஜிகாமில் படங்களுக்கு நான் போடும் டேக் (அடையாளச் சொல்) எல்லாம் டேட்டாபேஸில் மட்டும்தானா? அது கெட்டுப்போனால்?

பதில்: டிஜிகாம் செட்டிங்ஸில் மெட்டாடேட்டா (படத்தைப் பற்றிய விவரங்கள்) பகுதிக்குப் போய், டேக்குகளைப் படத்திலேயே எழுதும் பெட்டியில் டிக் இருக்கிறதா பாருங்கள். ரா கோப்பு (கேமரா பதிவுசெய்த மூலத் தரவு) என்றால் அதைத் தொடாமல் பக்கத்தில் எக்ஸ்எம்பி என்ற தனி விவரக் கோப்பாக எழுதச் சொல்வதே நல்லது. ராவை கிம்ப் நேரடியாகத் திறக்காது, ரா கோப்புகளைக் கையாளும் டார்க்டேபிளோ ராதெரப்பியோ கூடவே வேண்டும்.