மறு: ‘வேரியபிள் ஸ்டார்’ – ‘ஒளிமாறி’ போதுமா?

அன்பின் நண்பர்களுக்கு,

‘வேரியபிள் ஸ்டார்’, அதாவது ஒளி கூடிக் குறையும் நட்சத்திரத்துக்கு (எங்கள் ஊரில் ‘வெள்ளி’) தமிழில் எந்தச் சொல் என்ற இந்த விவாதத்தை மூன்று கிழமையாக வாசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ‘மாறும் விண்மீன்’, ‘மாறுடு’, ‘நிலையா மீன்’, ‘வற்றுப்பெருக்கு வெள்ளி’ என்று இதுவரை நான்கு சொற்கள் வந்துவிட்டன. கடைசியாகத்தான் ‘ஒளிமாறி’ வந்தது. எனக்கு இதில் ஒரு சொந்தத் தேவை இருக்கிறது. எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள் ஐந்தாறு பேரைக் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்து அராலி வயல்வெளி ஓரமாக நின்று மீரா என்ற வெள்ளியைப் பார்த்துக் குறித்து வருகிறேன். கொப்பியின் முதல் பக்கத்தில் தலைப்புக்கு விட்ட இடத்தில் பென்சிலால் ‘வே. ஸ்டார்’ என்று கிடக்கிறது. அதை அழித்துவிட்டு மையால் எழுத ஒரு சொல் வேண்டும்.

மீராவைத் தெரியாதவர்களுக்கு: திமிங்கில உடுத்தொகுதியில் இருக்கும் ஒரு சிவப்பு இராட்சதன் (விரிந்து பெருத்த முதிய வெள்ளி). 1596 இல் பப்ரீசியஸ் என்ற வானியலாளர் கண்டார், பிறகு அது மறைந்து போனது. 1638 இல் ஹொல்வார்டா என்பவர்தான் அது திரும்பத் திரும்ப வருகிறது என்று பிடித்தார். ‘வியப்பானது’ என்று பொருள்படும் ‘மீரா’ என்ற பெயர் ஹெவெலியஸ் 1662 இல் வைத்தது. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 332 நாள். உச்சத்தில் 3 ஆம் தர அளவில் (எண் கூடக் கூட மங்கல்) வெறுங்கண்ணுக்கே தெரியும். அடியில் 9 ஐத் தொடும், அப்போது தொலைநோக்கி இல்லாமல் காண முடியாது. 3 க்கும் 9 க்கும் இடையே ஒளி ஏறக்குறைய 250 மடங்கு வேறுபடுகிறது. நம் தலைக்கு மேலே கிட்டத்தட்ட உச்சியில் கடக்கும் வெள்ளி அது, யாழ்ப்பாணத்தில் இருந்து பார்க்க இதைவிட வசதி வேறில்லை. மாரி மழைதான் ஒரே தடை. மழை விட்டு வானம் வெளித்த பிறகு தை, மாசியில் நல்ல காட்சி.

நேற்றிரவு குறித்ததைச் சொல்கிறேன், ஏனென்றால் சொல்லைப் பற்றி நான் நினைப்பதெல்லாம் அங்கேதான் தொடங்கியது. ஒப்பிட அதே தொகுதியில் தர அளவு தெரிந்த மூன்று வெள்ளி: மென்கார் 2.5, காமா 3.5, டெல்ற்றா 4.1. மீரா காமாவைவிட மங்கல், டெல்ற்றாவைவிடக் கொஞ்சம் வெளிச்சம். இரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தை மனதில் ஆறு படியாகப் பிரித்து, காமாவில் இருந்து நாலு படி இறங்கினேன். 3.9. பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி 3.6 என்று அடித்துச் சொன்னாள். அவள் பொய் சொல்லவில்லை. சிவப்பு வெள்ளியை உற்றுப் பார்க்கப் பார்க்க அது கூடக்கூட வெளிச்சமாகவே தெரியும். அதனால் ஒரு பார்வை பார்த்துக் கண்ணை எடுத்துவிட வேண்டும். இன்னொரு தரம் அப்படிப் பார்த்துவிட்டு “3.8 அக்கா” என்றாள். அவளுடையதை அவள் பெயரிலும் என்னுடையதை என் பெயரிலும் எழுதினோம். சராசரி எடுக்கவில்லை. ஒருவர் கண்டதை இன்னொருவர் திருத்தக் கூடாது என்பது இந்த வேலையின் முதல் ஒழுங்கு.

திகதியை யூலியன் நாள் எண்ணில் (மாதம், வருடம் இல்லாமல் நாட்களைத் தொடர்ச்சியாக எண்ணும் முறை) எழுதுகிறோம். அந்தக் கணக்கில் ஒரு நாள் கிறீன்விச் நண்பகலில் தொடங்குகிறது. நமக்கு அது பின்னேரம் ஐந்தரை! பொழுது படுவதற்குச் சற்று முன் நாள் மாறி, விடியும்வரை ஒரே எண்ணாக ஓடும். நள்ளிரவில் திகதி மாற்றி எழுதும் கரைச்சல் இல்லை. இது நமக்காகவே செய்து வைத்ததுபோல் இருக்கிறது என்று பிள்ளைகளுக்கு ஒரே புளுகம்.

சரி, சொல்லுக்கு வருகிறேன்.

‘நிலையா மீன்’ எனக்கு ஒத்துவரவில்லை. 332 நாளுக்கு ஒருமுறை தவணை தவறாமல் திரும்பி வருவதை நிலையில்லாதது என்று சொல்ல மனம் வரவில்லை. ‘மாறும் விண்மீன்’ பிழையில்லை, வாசித்தவுடன் விளங்கும். ஆனால் அதன் மேல் இன்னொரு சொல்லை ஏற்றிப் பாருங்கள். ‘நெடுங்காலத் துடிப்பு மாறும் விண்மீன்’ என்றால் துடிப்பு மாறுகிறதா, விண்மீன் மாறுகிறதா? கலைச்சொல் என்பது தனியே நிற்பது மட்டுமல்ல, தன் தலையில் நாலு சொல்லைச் சுமக்கவும் வேண்டும்.

காரைநகர் ஐயா எழுதிய ‘வற்றுப்பெருக்கு வெள்ளி’யை வாசித்ததும் உண்மையிலேயே மனம் நிறைந்தது. பண்ணைக் கடலைப் பார்த்து வளர்ந்த ஆருக்கும் அந்தச் சொல் உடனே ஒட்டும். இரண்டு நாள் அதையே கொப்பியில் எழுதிப் பார்த்தேன். ஆனால் ஐயா, ஒரு இடத்தில் அது நம்மை மாட்டிவிடும். மீரா தனியாள் இல்லை, பக்கத்தில் ஒரு வெண்குள்ளன் (எரிந்து முடிந்து சுருங்கிய வெள்ளி) இருக்கிறது. சோடியாகச் சுற்றும் வெள்ளிகளில் ஒன்று மற்றதை ஈர்த்து இழுக்கும்போது சந்திரன் கடலை இழுப்பதுபோல் உண்மையான வற்றுப்பெருக்கே உண்டாகும். அதைச் சொல்ல அந்தச் சொல் நமக்குத் தேவை. ஒளி கூடிக் குறைவதற்கும் அதையே கொடுத்துவிட்டால், சோடி வெள்ளி பற்றி எழுதும்போது இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிடும். அந்தச் சொல்லை அதன் சொந்த வேலைக்கே வைத்துக்கொள்வோம்.

‘ஒளிமாறி’க்கு என் வாக்கு. முதல் காரணம், அதற்குள் நட்சத்திரம் என்ற சொல்லே இல்லை. எங்கள் பாடப்புத்தகம் ‘உடு’ என்கிறது. தமிழ்நாட்டார் ‘விண்மீன்’ என்கிறார்கள். சாத்திரக்காரரிடம் போனால் ‘நட்சத்திரம்’. என் அம்மம்மாவுக்குக் கடைசிவரை ‘வெள்ளி’தான். 90 களில் கரண்ட் இல்லாத இரவுகளில் முற்றத்தில் பாய் போட்டுப் படுத்திருந்து அவர் காட்டிய வெள்ளிகளைத்தான் இன்றைக்கும் நான் பிள்ளைகளுக்குக் காட்டுகிறேன். இந்த நாலில் எதை விட்டாலும் யாரோ ஒருவருக்கு மனம் நோகும். ‘ஒளிமாறி’ என்றால் அவரவர் தம் சொல்லைப் பின்னால் ஒட்டிக்கொள்ளலாம், ஒட்டாமலும் விடலாம்.

இரண்டாவது, அது மாறுவது எது என்பதைச் சொல்கிறது, ஏன் என்று சொல்லப் போகவில்லை. மீராவில் இது முக்கியம். அது துடிக்கிறது, விரிந்து சுருங்குகிறது. ஆனால் நம் கண்ணுக்கு இவ்வளவு மங்கிப்போவதற்குப் பெரிய காரணம், அதன் வெளி அடுக்கு குளிரும்போது அங்கே தைத்தேனியம் ஒட்சைட்டு மூலக்கூறுகள் பெருகிக் கட்புல ஒளியை விழுங்கிவிடுவது. செந்நிறக்கீழ்க் கதிரில் பார்த்தால் ஏற்ற இறக்கம் மிகவும் குறைவு. ஆகவே ‘வீங்கி’, ‘சுருங்கி’ என்று உருவத்தை வைத்துப் பெயர் இட்டால் பாதிதான் சரி. அல்கோல் என்ற வெள்ளியை எடுங்கள். அது 2.87 நாளுக்கு ஒருமுறை மங்குவது துணை வந்து மறைப்பதால், தன்னில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனாலும் நம்மிடம் வந்து சேரும் ஒளி மாறுகிறதுதானே? மீரா துடிப்பு ஒளிமாறி, அல்கோல் மறைப்பு ஒளிமாறி. இரண்டும் இடறாமல் வாயில் வருகின்றன.

இணைந்த கணிதம் படிப்பிக்கும் தங்கச்சி ஒரு நல்ல தடை சொல்லியிருந்தாள்: ‘ஒளி மாறி’ என்று இடம் விட்டு எழுதினால் ‘ஒளி மாறி மறைந்தது’ என்பதுபோல் எச்சமாக வாசிப்பார்கள், போதாததற்கு நம் ஊரில் ‘மாறி எடுத்திட்டன்’ என்றால் பிழையாக எடுத்துவிட்டேன் என்று அர்த்தம். உண்மைதான். சேர்த்து எழுதுவதைக் கட்டாயமாக்கினால் போதும் என்று நினைக்கிறேன். அவளுடைய வகுப்பிலேயே x ஒரு மாறி, பிள்ளைகள் தடுமாறுவதில்லை. ஒன்றை மட்டும் கவனமாகப் பார்க்க வேண்டும். ‘ஒளிமாற்றி’ என்று றகரம் இரட்டித்துவிடக் கூடாது. நிலைமாற்றியைப் போல் அது வேறொன்றை மாற்றும் கருவி ஆகிவிடும்.

சோடியாகத் தெரியும் வெள்ளி, அதாவது ‘டபிள் ஸ்டார்’ பற்றியும் சுருக்கமாக. நம் பார்வைக் கோட்டில் ஒன்றின் பின் ஒன்றாக நிற்கும் இரண்டு பனை றோட்டில் இருந்து பார்க்க ஒட்டி நிற்பதுபோல் இருக்கும். கிட்டப் போனால் நடுவில் ஒரு வயலே கிடக்கும். அதை ‘தோற்ற இரட்டை’ என்போம். ஆலும் பனையும் பின்னிக் கிடப்பதுபோல் உள்ளதை ‘பிணைச்சோடி’ என்போம். மீரா இரண்டாம் வகை. இராட்சதன் ஊதித் தள்ளும் வாயுவில் ஒரு பங்கை வெண்குள்ளன் தன்னைச் சுற்றித் தட்டாகச் சேர்த்துக்கொள்கிறது. அதனால் அதன் ஒளியும் நிமிடக் கணக்கில் நடுங்குகிறது. 1923 இல் எய்ற்கின் என்ற வானியலாளர் அதைத் தனியாகக் கண்டார். இடைவெளி ஒரு பாகையின் 7200 இல் ஒரு பங்கு அளவுதான், எங்கள் தொலைநோக்கிக் குழாயில் அது ஒருநாளும் பிரிந்து தெரியாது. ஆனால் பட்டியலில் அதற்கு ‘வீ-ஸெட் சீட்டி’ என்று தனிப் பெயர் உண்டு, அதுவும் ஒரு ஒளிமாறியாகத்தான் பதிவு. கண்ணுக்கு ஒரு புள்ளி, பட்டியலில் இரண்டு வரி. மீரா அடிமட்டத்தில் இருக்கும்போது நாம் அளப்பதில் துணையின் ஒளியும் கலந்திருக்கும் என்பதால் அந்தக் கட்டத்துக்கு ‘கூட்டொளி’ என்று தலைப்பு இட்டிருக்கிறேன். இதில் மாற்றுக் கருத்து இருந்தால் தயங்காமல் எழுதுங்கள்.

சரியான சொல் கிடைக்கும்வரை பொறுப்போம் என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். மானிப்பாயில் கிறீன் வைத்தியர் அப்படிப் பொறுத்திருக்கவில்லை. 1847 இல் அமெரிக்காவில் இருந்து மிசன் வைத்தியராக வந்தவர், தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார். இரசாயன நூலுக்கு ‘கெமிஸ்தம்’ என்றே பெயர் போட்டார்கள். அந்தச் சொல் இன்றைக்கு வழக்கில் இல்லை, ஆனால் தமிழில் படித்த வைத்தியர்கள் ஊர் ஊராகப் போனார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு இந்தப் பருவம் போனால் மீரா வெயிலுக்குள் போய்விடும். உச்சமும் ஒவ்வொரு வருடமும் ஒரு மாதம் முன்னுக்கு வருவதால், சில வருடங்கள் அது சித்திரை, வைகாசியில் சூரியனோடு மறைந்து போய்க் காணவே கிடைக்காது.

ஞாயிறு வரை பொறுக்கிறேன். வலுவான மறுப்பு வராவிட்டால் பென்சிலை அழித்து ‘ஒளிமாறி’ என்று எழுதுவோம். காரைநகர் ஐயாவிடம் ஒரு வேண்டுகோள்: உச்சத்துக்கு ‘உச்சம்’ இருக்கிறது, அடிமட்டத்துக்கு உங்கள் சொல்லில் இருந்து ‘வற்று’ மட்டும் எடுத்துக்கொள்ளட்டுமா? “மீரா இப்ப வத்துக்குப் போகுது” என்று நேற்று ஒரு பொடியன் தானாகவே சொன்னான்.

அன்புடன்,
அராலியில் இருந்து